தோற்றவர்களிடம் கேட்டவர்

எந்த ஆட்டம் முடிந்தாலும் ஜெயித்தவர் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தோற்றுப்போய் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்கிற பிள்ளையைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "எங்கன வச்சு ஒனக்கு ஆட்டம் வெறுத்துப்போச்சு? யோசிச்சுச் சரியாச் சொல்லு" என்பார். ஆறுதலுக்குக் கேட்கிற கேள்வி அல்ல அது. மடியில் நீளவாக்கில் ஒரு நோட்டு இருக்கும். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். மறுநாள் அந்த ஆட்டத்தில் ஒரு விதியாவது மாறியிருக்கும்.

தென்காசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் பகுதி நேர ஓவிய ஆசிரியையாக வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. பாடம் கணக்கு. அவர் எங்களோடு இருந்தது ஒன்றரை வருஷம்தான். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை ஒரு காகிதத்தில் அந்தப் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதும்.

அவருக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். ஆனால் அப்பா பட்டாளத்தில் இருந்ததால் ஊர் ஊராக வளர்ந்தவர். நம்மூர்ப் பேச்சு பேசுவார். இடையிடையே வேறு எங்கிருந்தோ ஒரு வார்த்தை வந்து விழும். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, பெங்களூரில் போனில் ஆடுகிற கேம்கள் தயாரிக்கும் கம்பெனியில் இருந்திருக்கிறார்.

"அங்க எனக்கு என்ன வேலை தெரியுமா டீச்சர்? ஆடுறவன் எந்த எடத்துல தோக்கணும்னு முடிவு பண்ணணும். ஜெயிக்க ஒரு விரக்கடைதான் பாக்கிங்கற எடத்துல தோக்கணும். அப்பதான் இன்னொரு தடவ ஆடுவான், விளம்பரமும் பாப்பான். மூணு வருஷம் அதத்தான் செஞ்சேன். ஒருநாள் பஸ்ஸுல ஒரு சின்னப் பிள்ளை நான் செஞ்ச கேமை ஆடி ஆடி அழுதுச்சு. எறங்கி அப்படியே ஆபீசுக்குப் போய் வேலைய விட்டுறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அதற்கப்புறம் அவராகவே ஆட்டங்கள் செய்யத் தொடங்கினார். திரையே இல்லாத ஆட்டங்கள். ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர், பாஷை தெரியாத ரெண்டு பேர். ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீரைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். சிந்தினால் சிந்திய ஈரத்தைச் சுற்றி விரலால் ஏதாவது படம் வரையலாம், ஆட்டம் அங்கிருந்து வேறு மாதிரி போகும். அதை ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் வைத்திருந்தார்களாம். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது தமிழ் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதெல்லாம் ஒரு உத்தியோகமாம்மா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க மாமியாரும் இதத்தான் கேக்காங்க ஐயா" என்றார். கணவருக்குச் சுரண்டைப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை. அதனால்தான் இந்த ஊர், எங்கள் பள்ளிக்கூடம்.

அவரோடு ஒத்துப்போகாதவர் எங்கள் பி.டி. சார். கழுத்தில் விசிலும் மடிப்புக் கலையாத வெள்ளை பேண்ட்டுமாக மைதானத்தின் நடுவில் நிற்பவர். ஆசிரியர் தினத்துக்கு அவர் பிள்ளைகளுக்கு மியூசிக்கல் சேர் வைத்தபோது ஓவிய டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"சார், அவுட் ஆனவன் என்ன செய்வான்?"

"வெளிய போவான். அதான டீச்சர் கேமு."

"வெளிய போயி?"

"வேடிக்க பாப்பான். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாப்போமா?"

கேட்டார். அன்று முதல் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த ஆட்டத்துக்குப் பாட்டுப்பெட்டி கிடையாது. அவுட்டான பிள்ளைகள் ஓரமாக நின்று கைதட்டுவார்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணால் பேசி அவர்களே முடிவு செய்வார்கள். ஆட்டம் போகப் போக வெளியே கூட்டம் பெருத்து, உள்ளே கடைசியாக ஓடுகிற ரெண்டு பேர் அவர்கள் தயவுக்கு ஏங்க வேண்டிவந்தது. பி.டி. சார் தலையில் அடித்துக்கொண்டார். "தோத்தவனுக்கெல்லாம் நாட்டாம குடுத்தா வெளங்குமா டீச்சர்?" என்று என்னிடம் வந்து சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு இவரிடம் போய், ரொம்ப நல்லா இருந்தது டீச்சர் என்றேன். எனக்கு அந்தப் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அடுத்த வருஷம் ஆனி மாதம் சாரல் நன்றாக விழுந்தது. சனிக்கிழமை ஒன்றில் பெண் ஆசிரியைகள் ஏழெட்டுப் பேர் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். நாங்கள் படியேறுவதற்குள் தண்ணீர் கூடிவிட்டதென்று போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் இறக்கிவிட்டார். நனைந்தவர்களும் நனையாதவர்களுமாக நூறு பெண்களுக்குமேல் வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் ஆரம்பித்துவிட்டார். முன்னால் நிற்பவர் பையில் என்ன இருக்கிறது என்று பின்னால் நிற்பவர் மூன்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொல்கிறவர்கள் வரிசையில் ஒரு ஆள் முன்னே போகலாம். அவ்வளவுதான். ஐந்தே நிமிஷத்தில் எல்லோரும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லத் தொடங்கினார்கள். "ஒங்க பையில யானைக்குட்டி இருக்குல்லா?" என்று ஒரு அம்மா கேட்க, வரிசையே குலுங்கியது. முன்னே போனவர்கள் பின்னே போனவர்கள் யாரென்று தெரியாமல் வரிசை என்பதே கலைந்து போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டார்.

"ஆட்டம் கெட்டுப்போச்சு டீச்சர், சூப்பராக் கெட்டுப்போச்சு" என்று அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அப்போதுதான் படியில் ஒரு பெண்மணி ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். சுரண்டைக்காரர், தனியாக வந்தவர். ஆட்டத்தில் சேரவில்லை. இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் குறைந்து மறுபடி விசில் ஊதியதும் நாங்களெல்லாம் விழுந்தடித்து ஓடினோம். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டு திரும்பினால் அவர் அதே படியில் இருந்தார். அந்த அம்மாவுக்குக் காது கேட்காதாம். இருவரும் கைச்சைகைகளை நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அவர் அருவியில் தலை நனைக்கவே இல்லை.

இப்படிப்பட்டவர் என்னிடம் ஒரு நாள் யோசனை கேட்டார்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு வெறும் கயிறில்லை. நிறத்தைப் பார்த்தாலே எந்தத் தெரு, என்ன ஆளுக என்று தெரிந்துவிடும். கட்டக் கூடாதென்று சுற்றறிக்கை வரும். காலைக் கூட்டத்தில் வாசிப்போம். அதோடு சரி. அவருக்கும் அது தெரியும். ஆனால் செய்தியில் படித்தவர்களுக்குத் தெரிகிற மாதிரி தெரியும். எனக்கு, பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவளுக்கு, ஒரு பிள்ளை வகுப்பில் எந்த பெஞ்சில் போய் உட்காரும் என்பதுவரை தெரியும்.

அவர் யோசித்த ஆட்டம் இது. கையில் கட்டியிருப்பது எதுவானாலும், வாட்ச், வளையல், ரப்பர் பேண்ட், கயிறு, எல்லோரும் கழற்றி ஒரு ஷூ பெட்டிக்குள் போட வேண்டும். கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பெயரும் தெருவும் கேட்காமல், ஒனக்கு எதுக்குப் பயம், எதை அம்மாட்ட ஒளிப்ப என்று கேட்டுக் கேட்டு அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவரைப் பற்றித் தெரிந்துகொண்டதை ஒரு படமாகப் போட்டு, பொருளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"ஒரு எடத்துலதான் எனக்குச் சந்தேகம் டீச்சர்" என்றார். "அன்னைக்கே மணியடிக்கும்போது திருப்பிக் குடுத்திறணுமா, இல்ல வீட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டு மறுநாள் குடுக்கட்டுமா? நான் வெளிய வளந்தவ. நீங்க இந்த ஊர்க்காரவுக. நீங்கதான் சொல்லணும்."

ஜெர்மனி வரைக்கும் போனவர் என்னிடம் யோசனை கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. யோசிக்கவே இல்லை. "ஒரு நாள்தான டீச்சர், போட்டுட்டுப் போட்டும். படம் போட டைம் வேண்டாமா?" என்றேன். என் கணக்குப் பாடவேளையையும் கொடுத்தேன். நானே முதல் ஆளாக வாட்சைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். எனக்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் வந்தது. அந்த நாற்பத்தைந்து நிமிஷம் போல ஒரு வகுப்பு என் வேலைக்காலத்தில் நடந்ததில்லை. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத பிள்ளைகள் பெஞ்சு தாண்டிப் போய்ப் பேசினார்கள். வராந்தாவில் போன பி.டி. சார்கூட ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

செல்வி என்று ஒரு பிள்ளை. கடையம் பக்கத்து ஊர், காலனியிலிருந்து வருகிறவள். அதிகம் பேச மாட்டாள். அவள் கைக்குக் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனின் கயிறு வந்தது. அவன் அப்பா என் கணவருக்குப் பங்காளி முறை. அந்தக் கயிறு அவள் கையில் இருப்பதை நான் பார்த்தேன். அது அவளோடு ஊருக்குப் போகக் கூடாதென்று எனக்குத் தெரியும். மணி அடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கடையம் பஸ்ஸில் பெரிய வகுப்புப் பையன்கள் நான்கு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏட்டி, இது எப்படிட்டி ஒன் கைக்கு வந்துச்சு?" என்றிருக்கிறார்கள். விளையாட்டு என்று சொல்லியிருக்கிறாள். ஒருவன் பிளேடால் கயிற்றை அறுத்தான். கயிற்றோடு கையும் அறுபட்டது. ஆறு தையல்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ரெண்டு தரப்பும் வந்து நின்றார்கள். போலீஸ் வேன் வந்தது. பிளேடு எடுத்தவனைப் பற்றி வெகு சீக்கிரமே யாரும் பேசாமலாகி, பிள்ளைகள் கையிலிருந்து கயிற்றைக் கழற்றச் சொன்னது யார் என்பதே பேச்சாகிவிட்டது.

என் கணவர் அன்று சாயங்காலம், "நம்ம ஆளுக மொகத்துல முழிக்கணும்லா? எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வா" என்றார். கணவர் மேல் பழியைப் போட மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் அந்த முடிவுக்கு வந்திருந்தேன்.

தலைமை ஆசிரியர் அறையில் தாளாளரும் இருந்தார். "ஒங்க வகுப்பு, ஒங்க பீரியடு. ஒங்களுக்குத் தெரிஞ்சு நடந்துதா, தெரியாம நடந்துதா?" என்று கேட்டார்கள். வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார்கள். 'மேற்படி ஓவிய ஆசிரியை எனக்குத் தெரிவிக்காமலும் என் அனுமதி பெறாமலும் என் பாடவேளையைப் பயன்படுத்தி' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். தலைமை ஆசிரியர் வாசித்துவிட்டு, "தெளிவா எழுதியிருக்கீங்க டீச்சர். ஒரு அடித்தல் திருத்தல் இல்ல" என்றார். எனக்கு அந்தப் பாராட்டுகூட அப்போது பிடித்திருந்தது.

பிறகு எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு ஒரு பொது அறிக்கை தயாரானது. அந்த ஆட்டத்தைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று அதில் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் அது சுற்றி வந்தபோது பி.டி. சார் மட்டும் பேனாவை எடுக்கவில்லை.

"அந்தம்மா செய்யறது எனக்குப் புரியாது. பல தடவ சண்ட போட்டிருக்கேன். ஆனா ஜன்னல் வழியா நானே பாத்தேன். பாக்கலன்னு எப்படிய்யா எழுதுதது?" என்றார். ஜன்னலிலிருந்து வேறு எதையெல்லாம் பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை. திரும்ப என் கைக்கு வந்திருந்த வாட்சை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

வேலை போய், ஓவிய டீச்சர் தன் சாமான்களை எடுக்க வந்த அன்று நான் பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். வராந்தாவில் அவர் குரல் கேட்டது. "கணக்கு டீச்சர் இல்லையா?" என்று யாரையோ கேட்டார். மணி அடிக்கிறவரை உள்ளேயே நின்றேன்.

அதற்கப்புறம் அவரைப் பற்றி அவ்வப்போது கேள்விப்படுவேன். வடக்கே ஒரு பெரிய கல்லூரியில் ஆட்டம் வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கிறார், எங்கோ பரிசு வாங்கினார் என்று. பி.டி. சார் ஓய்வு பெற்று மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். நான் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி என்று தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். மேடையில் அவர். தலை நரைத்திருந்தது, கையில் அதே போல நீளமான நோட்டு. நான் கடைசி வரிசையில் ஒரு தடித்த டீச்சருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை தப்பித்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டுவிட்டேன். மைக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்த ஊர்ல எனக்கு ஒரு விஷயம் நடந்துச்சு" என்று ஆரம்பித்தார். ஆட்டத்தையும் கயிற்றையும் சொன்னார். தன் பேரில் இருந்த தப்பை மறைக்காமல் சொன்னார். "நான் கெளம்புத அன்னைக்கு ஹெச்.எம். சொன்னாரு, 'எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்கம்மா, ஒருத்தர் மட்டும் மாட்டேன்னுட்டார்'னு. யாருன்னு சொல்லல. எனக்குத் தெரியாதா யாருன்னு? அன்னைக்குக்கூடத் தேடினேன், பாக்க முடியல. வேலை போனபெறகு வேற எடத்துல போயி மறுபடி பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்குடுக்கலாம்னு எனக்குத் தைரியம் வந்ததே அந்த ஒருத்தராலதான். அவங்க இங்கன இருக்காங்க." என்னைப் பார்த்துக் கை நீட்டினார். "எழுந்திரிங்க டீச்சர்."

மண்டபமே திரும்பியது. கைதட்டினார்கள். எழுந்து நின்றேன். யாரோ மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார் அவர்.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. "அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா டீச்சர், விடுங்க" என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன். முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த டீச்சர், "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஒன்பது நாள் கழித்து அவருக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் அந்தத் தாளில் எழுதியதை வரி வரியாகச் சொன்னேன். எனக்கு அது மனப்பாடம்.

"அப்ப அந்த ஒருத்தர் யாரு?"

"பி.டி. சார்."

"அவரா?" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுதால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"செல்வி பத்தாவது எழுதுனாளா டீச்சர்?"

எனக்கு அந்தப் பெயர் பிடிபடவே ஒரு நிமிஷம் ஆனது. "தெரியலயே" என்றேன்.

"அவ ஊர்ப் பக்கமே என்னைப் போகக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. நீங்க பாத்துப்பீங்கன்னு நெனச்சிருந்தேன். நீங்க அங்கனயேதான இருக்கீங்க?" கோபமில்லாமல்தான் கேட்டார். "விசாரிச்சுச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை கடையம் பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்றுகூட நினைத்துப் பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டவள் நான்தான். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அவள் அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

"ஒம்பதோட நிப்பாட்டியாச்சு. அவுக அப்பா பயந்துட்டாரு. திருப்பூர்ல கம்பெனியில தைக்கா" என்றார். கொஞ்சம் யோசித்து, "அப்ப ஆஸ்பத்திரிக்கு ஒரு டீச்சர் வந்தாகளே, படம் சொல்லிக்குடுக்கவுக, அவுகளா நீங்க? அவுக ஒருத்தரு மட்டுந்தான் வந்தாக" என்றார்.

இல்லை என்றேன். அதையாவது சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மகளுடைய நம்பரை ஒரு மளிகைச் சீட்டின் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லித் தந்தார்.

பஸ்ஸில் வரும்போதே அவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நம்பர் இருக்கிறது என்றும் எழுதினேன். 'அனுப்புங்க' என்று ஒரு வார்த்தை வந்தது. அனுப்பினேன். நான் அந்த நம்பரைக் கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. செல்வியிடம் ஒரு மணி நேரம் பேசினாராம். தனியாகப் பத்தாவது எழுதலாமா என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். கடைசியில் இப்படி இருந்தது: 'உங்களையும் விசாரித்தாள். கணக்கு டீச்சர் எப்படி இருக்கிறார்கள், என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். என்ன சொல்லட்டும்?'

அந்தச் செய்தி வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் எழுதவில்லை.